விலங்குகள் காப்பகச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், விடிவதற்கு முன்பே கூண்டு கழுவ வந்துவிடும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு வந்தவை, குணமானவை, தத்துப் போனவை, இறந்தவை எல்லாம் பதிவேட்டு நகலில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் முக்கியமாகப் பேச வேண்டியது ஒரு முடிவைப் பற்றி. புதிதாக வருபவற்றைத் தனியே வைக்கும் தனிமை அறை நிறைந்துவிட்டால் "இன்றைக்கு இடமில்லை" என்று வாசலிலேயே சொல்கிறோமே, அந்த முடிவு. அதில் மனம் வருந்தியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு முழு விவரமும் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு மாலை அட்டைப்பெட்டியில் நாய்க்குட்டிகளை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் துறுதுறுவென்று இருந்தன. தனிமை அறையில் இடமில்லை. மற்ற குட்டிகளோடு விடச் சொன்னேன். சொன்னது நான்தான். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்த பிறகு நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் 14 நாள்கூட ஆகலாம். அதுவரை குட்டி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஐந்தாம் நாள் ஒரு குட்டி தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. இரவில் வாந்தி. விடிவதற்குள் இரத்தக் கழிச்சல். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

இந்த வைரஸ் குடலின் உட்சுவரையே அரித்துவிடுகிறது. உடம்பில் நீர் வற்றியும், குடலிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்தும் குட்டி சாகிறது. அதனால் சிகிச்சையில் பெரும்பகுதி ட்ரிப் ஏற்றுவதும் வாந்தியை நிறுத்துவதும்தான். ராத்திரி முழுக்க ஊசி நழுவாமல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்னார்வலர்களை நான் மறக்க மாட்டேன். பிழைத்தவை உண்டு. பிழைக்காதவையும் உண்டு, அவற்றில் சில, நோயே இல்லாமல் இங்கே வந்தவை. நாம் கொடுத்த நோயால் செத்தவை.

அந்த வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இத்தனை நாளாகத் தரையை பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். பார்வோவுக்கு அது போதவே போதாது. முதலில் மலம், வாந்தி ஏதும் ஒட்டாமல் சோப்பு நீரில் கழுவ வேண்டும்; அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு 1 பங்கு ப்ளீச்சில் 32 பங்கு தண்ணீர் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். கலவையை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். மண்ணை இப்படிக் கழுவ முடியாது. நிழலான மண்ணில் இந்த வைரஸ் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். முற்றத்தில் இப்போது குட்டிகளை விடாததற்குக் காரணம் அதுதான்.

அதன் பிறகுதான் விதி போட்டோம். புதிதாக வரும் எந்த விலங்கும் 14 நாள் தனியாக இருக்கும். தனித் தட்டு, தனித் துணி, அறைக்கென்று தனிச் செருப்பு. ஆரோக்கியமானவற்றுக்கு முதலில் தீனி, நோயாளிகளுக்குக் கடைசியில். அடிபட்டது, புழு வைத்த புண்ணோடு கிடப்பது, மூச்சுக்குத் திணறுவது ஆகியவற்றை எந்த நேரத்திலும் திருப்பி அனுப்புவதில்லை. மற்றவற்றைக் கொண்டுவருபவர்களிடம், இரண்டு வாரம் நீங்களே வைத்திருக்க முடியுமா என்று கேட்கிறோம். தீனியும் போர்வையும் நாம் தருகிறோம், தடுப்பூசியும் போட்டுவிடுகிறோம். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். "ஒரு ஊசி போட்டாச்சே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக் கேட்கத் தொடங்கியதில் நான் எதிர்பார்க்காத நல்லதும் நடந்தது. வாசலில் நின்று பேசுகிறபோது, விட்டுவிட வருகிறவர்களில் பலருக்கு விட மனமில்லை என்பது தெரிகிறது. ஒரு பெரியவர், பிறப்புறுப்பில் கட்டி வந்து இரத்தம் சொட்டும் நாயைக் கூட்டிவந்தார். வீட்டில் எல்லோரும் புற்றுநோய், இனி பிழைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். புற்றுதான், ஆனால் நாய்க்கு நாய் இணையும்போது பரவுகிற, பெரும்பாலும் நன்றாகக் குணமாகிற வகை. வாரம் ஒரு முறை வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, பொதுவாக 4 முதல் 6 வாரம். அவர் ஒரு வாரமும் தவறாமல் நடத்தியே கூட்டிவந்தார். நாய் அவர் வீட்டில்தான் இருக்கிறது. பதிவேட்டில் "மீட்கப்பட்டவை" பட்டியலில் அது வராது. எனக்கு இந்த ஆண்டின் மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான்.

பூனைக்குட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது; உடம்பு சூடான பிறகுதான் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் போடாமல், வயிறு கீழே இருக்கும்படி வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டியதும் ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். கடியோ கீறலோ பட்டால் எவ்வளவு சின்னதானாலும் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போடாதவர்களைக் கூண்டு வேலைக்கு இனி அனுமதிப்பதில்லை.

கருத்தடைப் பணி தொடர்கிறது, ஆனால் போதாது. பெட்டிகளில் வந்து சேரும் குட்டிகளே அதற்குச் சாட்சி.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். பின்பக்கக் கொட்டகையை, கழுவ ஏதுவாகத் தரை பூசி, இரண்டாவது தனிமை அறையாக மாற்ற வேண்டும். இரவு முறைக்கு இப்போது இருப்பவர்களையே திரும்பத் திரும்ப அழைக்கிறோம்; இரண்டு பேராவது புதிதாக முன்வர வேண்டும். கொட்டகை தயாராகும்வரை வாசல் விதி அப்படியே இருக்க ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்