ஊசிமுனையில் கடைசியாக நிற்கும் அணு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, லென்சுகளை நன்கு விளக்கிவிட்டு, எலெக்ட்ரான் கற்றை பிறக்கும் உலோக முனையை மட்டும் 'மிகக் கூர்மையான ஊசி' என்று சொல்லிக் கடந்துவிட்டது. கூர்மை மட்டுமே போதாது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

டங்ஸ்டன் கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தோய்த்து மின்சாரம் செலுத்தினால், கரைசலின் மேற்பரப்பை ஒட்டிய பகுதி அரிபட்டு மெலிந்து, கீழ்ப்பகுதி தன் எடையாலேயே அறுந்து விழும். அக்கணமே மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் அரிப்பு தொடர்ந்து முனை மழுங்கிவிடும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் முனையின் ஆரம் பெரும்பாலும் பத்து நானோமீட்டருக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

அதற்கு மேல் கூர்மையாக்க, 2006இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கண்டறியப்பட்ட முறை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வெற்றிடத்தில் முனைக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சிறிதளவு நைட்ரஜனைச் செலுத்தும்போது, உச்சியின் மின்புலம் மிக வலுவாக இருப்பதால் அங்கே நெருங்கும் நைட்ரஜன் அயனியாகி விலக்கப்படுகிறது. புலம் குறைந்த பக்கவாட்டில் மட்டும் அது படிந்து டங்ஸ்டன் அணுக்களை அகற்றுகிறது. அதாவது, உச்சியை மின்புலமே காக்க, சுற்றியுள்ள பகுதி மட்டும் தேய்கிறது.

ஆனால் இப்படித் தேய்ந்து ஒற்றை அணுவில் முடியும் முனையிலும், வெற்றிடத்தில் எஞ்சிய வாயுவின் ஓர் அணு வந்து ஒட்டினால் கற்றை தடுமாறும். அயனிகள் மோதினால் முனை சிதைந்தும் போகும். ஆகவே, சிதைந்ததை அதே வடிவில் மீட்டெடுக்க முடிவதையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். தைவான் ஆய்வாளர்கள் டங்ஸ்டன் முனையில் பல்லேடியம் போன்ற உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசிச் சூடாக்கியபோது, அணுக்கள் தாமாகவே முப்பக்கப் பிரமிடாக அடுக்கிக்கொண்டன. உச்சி அழிந்தபின் மீண்டும் சூடாக்கினால் பிரமிடும் மீண்டும் உருவானது. எலெக்ட்ரானுக்குப் பதில் ஹீலியம் அயனிக் கற்றையைப் பயன்படுத்தும் ஹீலியம் அயனி நுண்ணோக்கியிலும் உச்சியில் மூன்று அணுக்கள் நிற்குமாறு முனையை அவ்வப்போது புதிதாக அமைத்துக்கொள்கிறார்கள்.

கூரிய டங்ஸ்டன் முனையின் அணுக்களை 1955இலேயே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும் அவருடைய மாணவர் கன்வர் பகதூரும், லென்சு எதுவுமின்றி, முனையருகே அயனியாகும் வாயுவைத் திரையில் விழச்செய்து படம் காட்டும் புல அயனி நுண்ணோக்கியால் கண்டார்கள். அந்தப் படங்களுடன் முனை தயாரிப்பைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்