வா.செ.கு. சிறுநூல்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

பேராசிரியர் வா. செ. குழந்தைசாமியைப் பற்றிப் பொறியியல் மாணவர்களுக்காக எழுதிவந்த சிறுநூல் ஒருவழியாக அச்சகத்துக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் எல்லாரும் பார்க்க இந்த மடல்.

முதல் நன்றி, நீரியல் அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்த என் பழைய சக ஆசிரியருக்கு. வா.செ.கு. என்றால் துணைவேந்தர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை எழுதியவர், எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடியவர் என்பார்கள். மழை எப்படி ஆற்று நீராகிறது என்று கணக்குப் போட்டவர் என்பது மட்டும் அமுங்கிப்போகிறது. அதைச் சொல்லத்தான் இந்த நூலையே தொடங்கினேன்.

பெய்த மழை உடனே ஆற்றுக்கு வந்துவிடுவதில்லை. மண் குடித்தது போக மிஞ்சுவதும் நிலத்திலும் ஓடையிலும் கொஞ்சம் தங்கித்தான் வருகிறது. எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்லப் பல சூத்திரங்கள் முன்பே இருந்தன. வரும் நீர், வெளியேறும் நீர், இரண்டும் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்பது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொதுச் சமன்பாடாக எழுதினார் இவர். பழைய சூத்திரங்களில் பல அதற்குள் தனி வகைகளாக அடங்கிவிடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். வழிகாட்டி வென் தே சௌவும் இவரும் சேர்ந்து 1971-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துத் தந்த நூலகர் அம்மாவுக்கும், தமிழ் வரிகளுக்கு நடுவே அந்தச் சமன்பாடுகளை முகம் சுளிக்காமல் கோத்துத் தந்த தம்பிக்கும் பெரிய கும்பிடு.

கரூர் நண்பர்களுக்கு நன்றி. 1929-இல் அவர் பிறந்த வாங்கலாம்பாளையத்தைப் பற்றி நீங்கள் சொன்ன கதைகளில், ஆதாரம் கிடைக்காதவற்றை விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், கிண்டியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் உருவானது. கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி என்று தனித்தனிப் பழக்கமுள்ள நான்கையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். 1981 முதல் 1990 வரை வா.செ.கு. அங்கே துணைவேந்தர். பிறகு டெல்லியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இவ்வளவு காலம் நிர்வாகத்தில் போனது நீரியலுக்கு நஷ்டம் என்பது என் கட்சி. ஐயா ஒப்புக்கொள்ளவே இல்லை. நான்கு நிறுவனங்களை ஒன்றாக ஓட வைப்பதும் பொறியியல்தான் என்று ஒரு மாலை முழுக்க வாதாடினார். இருவர் வாதத்தையும் அச்சில் கொடுத்திருக்கிறேன். சண்டை பிடித்ததற்கு நன்றி, ஐயா.

குறள் ஆய்வு நூலுக்கு 1988-இல் அவர் பெற்ற சாகித்திய அகாதமி விருது, பத்மபூஷண், தமிழ் இணையப் பல்கலைக்கழகப் பணி ஆகியவற்றைச் சுருக்கமாகவே தொட்டிருக்கிறேன். அவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

படங்களை இரவல் தந்தவர்களே, அச்சு வேலை முடிந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். கூடவே ஆளுக்கு இரண்டு பிரதிகள் வரும். ஒன்றை உங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சிவில் ஆசிரியன்