கோலின் நுனியில் கொஞ்சம் தேன்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம். முழங்கால் வலி இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். மாடித் தண்ணீர்த் தொட்டி கசிகிறது. கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்றே காலத்தை ஓட்டுகிறார். நீ மண்டல மேலாளர் ஆனதைச் சபையில் யாருக்குச் சொல்லவில்லை என்று கேள். ஆராதனையில் ஐயர் உன் பேரைச் சொல்லி ஜெபித்தார். உன் அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மூத்தவன் மட்டும் போனுக்கு வருவதில்லை. கேட்டால் படிக்கிறான் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் படிக்கிறானா? சரி, படிக்கட்டும்.

இந்த மாதம் பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் என் முறை. ராஜாக்களைப் பற்றி எடுக்கப்போகிறேன். எழுதி வைத்திருப்பதை உனக்கும் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்து. ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் சாமுவேலின் புத்தகத்துக்கு முதல் பரிசு வாங்கியவன் அல்லவா நீ.

உன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வசனம் மாட்டியிருக்கிறாய். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." பிள்ளைகள் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே. அதை யார் யாரிடம் சொன்னது? சாமுவேல் தீர்க்கதரிசி சவுலிடம் சொன்னது. பிள்ளைகளிடம் அல்ல, போர்வீரரிடம் அல்ல, ராஜாவிடம். அமலேக்கியரிடம் எதையும் மிச்சம் வைக்காதே என்ற கட்டளையை மீறி அவர்கள் ராஜா ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டு, கர்மேலில் தனக்கு ஜெயஸ்தம்பமும் நாட்டிவிட்டு வந்து நிற்கிறவனிடம். (அந்தக் கட்டளையை வாசிக்கும்போது எனக்கு இந்த வயதிலும் நெஞ்சு நடுங்கும். அதைக் கூட்டத்தில் விளக்கப்போவதில்லை.) ஏன் என்று கேட்டதும் சவுல் என்ன சொன்னான்? ஜனங்கள்தான் தப்பவிட்டார்கள் என்றான். பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றான். கனம்தான் பெரிதாக இருந்தது அவனுக்கு.

உபாகமம் 17-ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக்கூடாது. நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதித் தன்னிடம் வைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும், சகோதரர்பேரில் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. சிங்காசனத்தில் ஏறுகிறவனுக்குத்தான் முதல் கட்டளை. சாலொமோன் அத்தனை ஞானமிருந்தும் மூன்றையும் மீறினான். 1,400 இரதங்கள், 700 மனைவிகள், வெள்ளியோ எருசலேமில் கல்லைப் போலக் கிடந்ததாம்.

ஆனால் நான் பேச நினைப்பது சவுலின் அந்த ஆடுமாட்டுக் கதைக்கு முந்தின அதிகாரத்தை, 1 சாமுவேல் 14. பெலிஸ்தரோடு யுத்த நாள். சாயங்காலம்வரை எவனும் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ஆணையிட்டுவிட்டான். கர்த்தர் சொல்லவில்லை, சாமுவேல் சொல்லவில்லை, அவனாகப் போட்ட சட்டம். அவன் மகன் யோனத்தானின் காதில் அது விழவே இல்லை. காட்டில் தேன்கூட்டைக் கண்டு, கைக்கோலின் நுனியில் கொஞ்சம் தொட்டு நக்கினான், கண் தெளிந்தது. மற்றவர்களோ பசியில் சோர்ந்துபோய், பொழுது சாய்ந்ததும் கொள்ளைமேல் பாய்ந்து இரத்தத்தோடே இறைச்சியைத் தின்றார்கள். ராஜாவின் சட்டத்தைக் காத்தவர்கள் கர்த்தரின் சட்டத்தை மீறினார்கள். பிறகு சீட்டுப் போட்டார்கள், யோனத்தான்பேரில் விழுந்தது. நீ சாகத்தான் வேண்டும் என்றான் தகப்பன். அன்றைய வெற்றியைத் தொடங்கி வைத்ததே அந்தப் பிள்ளைதான். ஜனங்கள் குறுக்கே வந்து, அவன் தலைமயிர் ஒன்றும் தரையில் விழாது என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லி மீட்டார்கள். அவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று வேதம் ஓரிடத்திலும் குறை சொல்லவில்லை.

இரண்டு அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பார். தான் போட்ட சட்டத்துக்காக மகனைக் கொல்லத் துணிந்தவன், தனக்கு இடப்பட்ட கட்டளை என்று வந்தபோது கொழுத்த ஆட்டுக்கு விலகிக்கொடுத்தான்.

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் கதை உனக்கே தெரியும். சீகேமில் ஜனங்கள் நுகத்தை இலகுவாக்கும் என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு நீர் இவர்களுக்குச் சேவகனாயிரும் என்றார்கள் முதியோர். அவனோ தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, தேள்களினாலே தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரம் போனது. இரதத்தில் ஏறி ஓடித் தப்பினான். 'வாலிபர்' என்று வாசித்துச் சின்னப் பையன்கள் என்று நினைத்துவிடுகிறோம். ராஜாவாகிறபோது அவனுக்கே 41 வயது! உன்னைவிட நான்கு வயதுதான் சின்னவன்.

கண்டிக்காமல் விட்டால் பிள்ளை கெடும் என்பாய். தாவீது ராஜா தன் மகன் அதோனியாவை விட்டதுபோல என்பாய். எடுத்து வாசி: "நீ இப்படிச் செய்வானேன்" என்று தகப்பன் அவனை ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை என்றிருக்கிறது. கடிந்துகொள்வதுகூட அங்கே ஒரு கேள்வியாகத்தான் இருக்கிறது. கேட்டால் பதில் வரும், பதிலைக் கேட்க வேண்டும். கேட்டாயா?

தாவீதின் இன்னொரு மகன் அப்சலோம் செய்தது கொலை. அதற்கு நான் பரிந்து பேசவில்லை. தப்பி ஓடியிருந்த கேசூரிலிருந்து திரும்பி வந்து, இரண்டு வருஷம் அதே எருசலேமில் இருந்தான். ராஜாவின் முகத்தைக் காணவில்லை. ஒரே ஊர். கடைசியில் படைத்தலைவன் யோவாபின் வாற்கோதுமை வயலில் தீ வைத்துத்தான் தகப்பனைப் பார்க்க வழி கண்டான். தாவீது முத்தமிட்டான். பேசினான் என்று எழுதியிருக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவன் வாசலண்டையில் நின்று, வழக்கோடு வருகிறவர்களைக் கூப்பிட்டு, உன்னை விசாரிக்க ராஜாவிடத்தில் ஒருவரும் இல்லை என்கிறான். ஜனங்கள் அவன் பின்னால் போனார்கள். போகமாட்டார்களா?

ஒரே ஊருக்கே அப்படி. ஒரே வீடென்றால்?

யார் சொன்னார்கள் என்று கேட்காதே. மூத்தவன் பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு கேட்டுத் தானே எழுதிக் கொடுத்துவிட்டானாம். உன்னிடம் சொல்லாதது தப்பு, நானும் தப்பு என்றே சொல்வேன். ஆனால் டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும் என்பது எந்த அதிகாரத்தில், எத்தனையாவது வசனத்தில் இருக்கிறது? நீ படித்ததும் பி.காம்.தான். அதை வைத்துத்தான் இன்று அத்தனை கிளைகளும் உன் சொல்லுக்குக் காத்திருக்கின்றன. ஒரு கிளை மேலாளர் உன் சுற்றறிக்கையை மீறினால் இரண்டு மாதம் பேசாமல் இருப்பாயா? விளக்கம் கேட்பாய். அந்த மனிதனுக்குக் கொடுக்கும் நியாயத்தை உன் பிள்ளைக்குக் கொடு.

நீ நல்ல தகப்பன். பெரியவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தாய் என்று நான் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன். அவனிடம் பேசு. இன்று ராத்திரியே பேசு. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு.

காலாண்டு விடுமுறைக்கு அவனைத் தனியாக அனுப்பு. பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும், புதிய பஸ் நிலையத்துக்கு நான் ஆட்டோ வைத்து வந்துவிடுவேன். நீயும் வந்தால் கொத்தனாரிடம் ஒரு சத்தம் போடலாம். என் பேச்சை அவர் மதிக்கிறதில்லை. மருமகளுக்கு என் அன்பு. சின்னவளைத் திட்டாதே, அவள் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

இப்படிக்கு,
அம்மா
பாளையங்கோட்டை