2024–25 ஆண்டறிக்கை: ஆசியப் படங்களும் நம் தமிழ் சப்டைட்டிலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி நம் திரைப்படச் சங்கத்தில் இந்த ஆண்டு முழுக்க ஆசிய நாடுகளின் சண்டைப் படம், குற்றப் படம், பேய்ப் படம் என்றே திரையிட்டோம். மாதம் ஒன்று, மழையால் நவம்பரும் டிசம்பரும் விட்டுப்போயின.

மே மாதம் ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985). வணிக வளாகச் சண்டையில் உடைந்த கண்ணாடிக்குக் கணக்கில்லை. படக்குழுவினரே அதை 'கிளாஸ் ஸ்டோரி' என்றுதான் அழைத்தார்களாம். விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பற்றிக்கொண்டு அவர் மேல்மாடியிலிருந்து சறுக்கி இறங்கியபோது பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள். ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) படத்துக்கும் நல்ல கூட்டம். தாய்லாந்தின் 'ஷட்டர்' (2004) ஓடும்போது பின்வரிசையிலிருந்து, "இது நம்ம 'சிவி' ஆச்சே!" என்று குரல் வந்தது. ஆமாம், 2007இல் வந்த 'சிவி' இதைத் தழுவியதுதான்.

செப்டம்பரில் ஒரு குறை நேர்ந்தது. ஜப்பானின் 'ரிங்கு' (1998) பாதி ஓடியபோது வாடகை ஸ்பீக்கர் நின்றுவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து சடாகோ என்ற பேய் வெளியே வரும் நடை, நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியதில் கிடைத்தது. அத்தனை உழைப்பையும் நாம் ஊமைப்படமாகக் காட்டினோம். பேய்ப் படத்தில் பாதிப் பயம் காது வழியாகத்தான் வருகிறது. சொந்த ஸ்பீக்கர் வாங்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது, நிறைவேற்றித் தாருங்கள்.

பிப்ரவரியில் போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட உண்மை வழக்கு அது. ஆங்கில சப்டைட்டில் வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் வருவதில்லை என்பதால், இதற்கு நாமே தமிழில் எழுதினோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பாளராக வேலைபார்க்கும் நம் உறுப்பினர் கொரிய மொழியைக் கேட்டுச் சொல்ல, நான்கு பேர் ஆறு வாரம் உட்கார்ந்தோம். இரண்டு நொடி நிற்கும் வரியில் ஐந்து தமிழ்ச் சொல்லுக்கு மேல் வைத்தால் கண் முகத்தை விட்டுவிடுகிறது. வெட்டி வெட்டித்தான் எழுத வேண்டியிருந்தது.

ஒரு வரிக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போனது. ரயில் சுரங்க வாயில், கொட்டும் மழை. அமெரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ அறிக்கை பொருந்தவில்லை. சந்தேகப்பட்டவனை விட வேண்டியதுதான். துப்பறியும் போலீஸ்காரராக நடிக்கும் சாங் காங்-ஹோ அவன் முகத்தையே பார்த்து, வேளைக்குச் சோறு தின்கிறாயா என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். அது அவரே படப்பிடிப்பில் சேர்த்த வரி என்பார்கள். "வேளாவேளைக்குச் சாப்பிடுறியாடா?" என்று எழுதினோம். பார்த்தவரையெல்லாம் 'சாப்பிட்டியா' என்று கேட்கிற நம் ஊரில் அந்த வரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கொலையாளி என்றாவது இந்தப் படத்தைப் பார்க்க வருவான் என்று எண்ணியே, கடைசி ஷாட்டில் நடிகரைக் கேமராவை நேராகப் பார்க்கவைத்தார் இயக்குநர். 2019இல் டிஎன்ஏ மூலம் அவன் அடையாளம் தெரிந்தபோது, வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தான். அந்த வழக்குகளில் ஒன்றுக்காக நிரபராதி ஒருவர் சுமார் இருபது ஆண்டு சிறையில் கழித்து, 2020இல்தான் விடுதலைத் தீர்ப்பு பெற்றார். போலீஸ் அடியை வெறும் சண்டைக்காட்சியாகப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அன்றைய கலந்துரையாடல் பத்தரை மணி வரை நீண்டது. முதன்முறையாகப் பெண்கள் அதிகம் பேசினார்கள்.

வரும் ஆண்டில் நான்கு படங்களுக்காவது தமிழ் சப்டைட்டில் எழுத எண்ணம். ஜப்பானிய மொழி, தாய் மொழி தெரிந்தவர்கள் முன்வர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்று அங்கீகரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்