கெண்டைக்கும் தடுப்பு மருந்து வேண்டும்

ஆசிரியருக்கு,

ஒரத்தநாடு பக்கம் ஒன்றரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு ஆகிய கெண்டை மீன்களை வளர்க்கிறேன். போன மழைக்குப் பிறகு மீன்களின் உடம்பெல்லாம் சிவப்புப் புண். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவாம்.

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் துறை) படிக்கும் என் மகள், தடுப்பு மருந்து செய்வதற்காக, அந்தக் கிருமியின் மரபணு வரிசையிலிருந்து அதன் வெளி உறையில் இருக்கும் புரதங்களைப் பிரித்து, எந்தத் துண்டு மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று கணினியிலேயே தேடுவதைக் காட்டினாள். ஆச்சரியம்தான். ஆனால் அந்த மென்பொருள்களில் பலவும் மனிதர், எலித் தரவில் பழகியவையாம். மீனுக்கு அது சரிவருமா? குளத்து மீனில் சோதிக்காமல் எப்படி நம்புவது?

அப்புறம், மருந்து ஊசியாக வந்தால் ஐயாயிரம் குஞ்சுகளுக்கு யார் ஊசி போடுவது? சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவா மீனுக்கு நோடா வைரஸ் என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. கெண்டைக்குத் தீவனத்தில் கலந்து போடுகிற மாதிரி ஒன்று கொடுங்கள்.

- மீன் வளர்ப்பவர், ஒரத்தநாடு