தைப்பூசத்துக்கு நான் ஏன் வரவில்லை

பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலில் என்னைக் காணோம் என்று கேட்டிருந்தாய். அந்த வாரம் நான் ஸ்காட்லாந்தில், பென் நெவிஸ் மலையில் இருந்தேன்டா. உயரம் 1,345 மீட்டர்தான், நம் மலேசியாவின் கினபாலு மலையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் வடக்கு முகத்தில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி பனி நிறைந்து செங்குத்தாக ஏறும் இடங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கூல்வார் என்பார்கள், அங்கே கல்லி என்கிறார்கள், சிலதுக்கு வெறும் எண்தான் பெயர். நாங்கள் போனது நான்காம் எண்.

முதல் நாள் இருட்டிலேயே தலைவிளக்கோடு கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்து அடிவாரத்துக்குப் போய், பாதி கூட ஏறாமல் திரும்பிவிட்டோம். இரவெல்லாம் தென்மேற்குக் காற்று அடித்து, மலை உச்சியில் கிடந்த பனியை எல்லாம் அள்ளி இந்தப் பக்கம் கொட்டியிருந்தது. காலை வைத்ததும் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் 'தொம்' என்று ஒரு சத்தம், பூட்ஸிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. வழிகாட்டி ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கீழே காட்டினார். பனிச்சரிவு அதிகமாக நடப்பது 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான். அதைவிடச் செங்குத்தானால் பனி அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும், அதிகம் சேராது. கல்லி சரியாக அந்தச் சாய்வில் இருக்கிறது, ஒதுங்க இடமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, காற்று அடங்கி பனி இறுகிய பிறகு ஏறினோம். பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்புப் பற்சட்டத்தின் முன்பற்களை மட்டும் உதைத்து ஊன்றி, கோடரியைக் குத்தி, மறுபடி உதைத்து, கெண்டைக்கால் தீயாக எரிந்தது. உச்சியில் காற்று கட்டிய பனித்தாழ்வாரம் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது, அது மெலிந்த ஓரமாகப் பார்த்துத்தான் மேலே வந்தோம். அப்போது எனக்கு நம் தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகள் ஞாபகம் வந்தன, கூடவே 1997 மே 23 அன்று நம் நாட்டு மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற செய்தி கேட்டு நாம் இருவரும் பள்ளித் திடலில் கத்திக்கொண்டு ஓடியதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் நீயும் ஒரு கூல்வார் ஏறப்போவதாக எழுதியிருக்கிறாய், வாரம் தவறாமல் புக்கிட் தாபூர் குன்று ஏறுகிறேன், கால் தயார் என்கிறாய். கால் போதாதுடா. கெட்டியான பனியில் சறுக்கினால் ஒரு சில நொடியில் வேகம் பிடித்துவிடும், அதற்குள் கோடரியின் மூக்கை நெஞ்சுக்குக் கீழே பனியில் அழுத்திப் படுத்து நிறுத்தத் தெரிய வேண்டும். நான் ஒரு முழுநாள் வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழகினேன். உன் பயணத் திட்டத்தில் பயிற்சிக்கு அரை நாள்தான் போட்டிருக்கிறது, திரும்பி வந்தால் மறுநாள் முயற்சிக்க ஒரு நாள்கூட மிச்சமில்லை. அப்படி நாள் இல்லாதபோது திரும்ப மனசு வராது. நானே அன்றைக்கு 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே' என்றுதான் சொன்னேன், வழிகாட்டி கேட்கவில்லை.

பயணத்தில் மூன்று நாளாவது கூட்டிக்கொள். உன்னை அழைத்துப்போகிறவர்கள் முடியாது என்றால் அந்தக் குழுவோடு போகாதே, அடுத்த வருடம் நாம் சேர்ந்து போவோம். கோடரியும் கிராம்பானும் என்னிடம் இருக்கின்றன, அடுத்த மாதம் இங்கே வரும்போது எடுத்துக்கொள். பூட்ஸ் மட்டும் அடி வளையாததாக அங்கேயே வாடகைக்கு எடு, கிராம்பான் அதில் சரியாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முரளி