பாகப் பட்டியலில் அளவு அலகு நிலைக்காதது குறித்த புகார்

அனுப்புநர்
பொறுப்பாளர், வடிவமைப்புப் பிரிவு,
இயந்திரச் சட்டங்களும் மின்பெட்டிகளும் தயாரிக்கும் நிறுவனம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள் நிறுவனம்.

பொருள்: பாகப் பட்டியலில் பொருள்களின் அளவு அலகை ஒருமுறை அமைத்தால் அது நிலைக்காமல் மாறுவது, தவறாக முழுமையாக்கப்படுவது (ரவுண்டிங்), ஏற்றுமதியில் தொலைவது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கேட் மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறோம். மாடலிங்கில் எங்களுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் மாடல் முடிந்த பிறகு, எந்தப் பாகம் எவ்வளவு வேண்டும் என்று எடுக்கும் பாகப் பட்டியலில்தான், அதிலும் 'அளவு' என்ற ஒரே ஒரு நெடுவரிசையில். இதைப் பற்றி உதவி மையத்துக்கு ஏற்கெனவே எழுதினோம். 'மென்பொருள் இப்படி இயங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டுள்ளது' என்று பதில் போட்டு டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிட்டார்கள். அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மின்பெட்டிக் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் கேஸ்கெட்டின் நீளம் 3600 மி.மீ. பட்டியலில் அது அப்படியே மில்லிமீட்டரில் வந்தது. எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும்போது 'அலகு வேண்டாம்' என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் எண் எண்ணாகப் போகும் என்பதால் அப்படியே செய்தோம் (இந்த நிர்ப்பந்தத்துக்குப் பிறகு வருகிறேன்). பர்ச்சேஸ் பிரிவின் மென்பொருளில் அந்த கேஸ்கெட்டின் அலகு மீட்டர். 3600 மீட்டருக்கு விலை கேட்டுக் கடிதம் போய்விட்டது. சப்ளையர் போன் செய்து, "சார், இது எத்தனை கதவுக்கு?" என்று கேட்டார். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். உங்கள் உதவி மையம் சொன்னபடி டெம்ப்ளேட்டில் (புதிய கோப்புகள் தொடங்கும் மாதிரிக் கோப்பில்) அடிப்படை அலகை மீட்டருக்கு மாற்றினோம்.

அடுத்தது சிரிப்பதற்கில்லை. அதே டெம்ப்ளேட்டில் செய்த இன்னொரு பெட்டியில் 400 மி.மீ. நீளத்துக்கு ஃபோம் டேப் இருந்தது. 0.4 மீட்டர் என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் பட்டியல் '0' என்று காட்டியது. காரணம் என்னவென்றால், எங்கள் டிராயிங்குகளில் மில்லிமீட்டருக்குத் தசமப் புள்ளி வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். 400 என்று இருந்தால் போதும், 400.000 யாருக்கும் தேவையில்லை. அலகை மீட்டருக்கு மாற்றியபோது உங்கள் மென்பொருள் அந்தப் 'பூஜ்ய தசமம்' என்ற அமைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 0.4 முழு எண்ணாகி 0 ஆனது. அளவு பூஜ்யமாக உள்ள வரிசைகளை பர்ச்சேஸ் மென்பொருள் தானே நீக்கிவிடும், அதில் தவறில்லை. டேப் வாங்கப்படவே இல்லை என்பது பெட்டி அனுப்ப வேண்டிய நாளில்தான் அசெம்பிளி ஆட்களுக்குத் தெரிந்தது. ஆயிரம் மடங்கு கூடுதலாக வந்த எண் எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். பூஜ்யம் படாது.

ஒரு பொருளின் அலகை மாற்றினால் எத்தனை தசம இலக்கம் என்பதையும் அந்த அலகுக்கு ஏற்ப மென்பொருளே கேட்க வேண்டும், குறைந்தபட்சம் எச்சரிக்கவாவது வேண்டும். பூஜ்யமல்லாத ஓர் அளவு முழுமையாக்கப்பட்டதால் பூஜ்யமாகத் தெரிகிறது என்றால், அதைச் சிவப்பில் காட்டுவதில் என்ன சிரமம் இருக்கிறது?

இதோடு தொடர்புடைய இன்னொன்று. தசமம் பூஜ்யமாக இருப்பதால்தானே சிக்கல் என்று இரண்டு இலக்கம் வைத்துப் பார்த்தோம். 184 மி.மீ. நீளமுள்ள துண்டுகள் 24 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4416 மி.மீ., அதாவது 4.416 மீட்டர். உங்கள் மென்பொருள் முதலில் ஒரு துண்டை 0.18 ஆக்கிவிட்டு, பிறகு 24-ஆல் பெருக்கி 4.32 மீட்டர் என்கிறது. அந்த நீளத்தில் 23 துண்டுதான் வெட்ட முடியும். ரம்பத்தின் பல் தின்னும் நீளத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதலில் கூட்டு, கடைசியில் முழுமையாக்கு என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருவது. பட்டியலைத் திறந்து பார்ப்பவருக்கு 4.32 என்பது மிகத் துல்லியமான எண்ணாகத்தான் தெரியும். தவறு உள்ளே ஒளிந்திருப்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

சரி, டெம்ப்ளேட்டுக்கு வருகிறேன். அலகை டெம்ப்ளேட்டில் அமைத்துவிட்டால் எல்லாக் கோப்புக்கும் வந்துவிடும் என்பது உங்கள் கையேடு சொல்வது. புதிதாகத் தொடங்கும் பாகங்களுக்கு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் (ஃபிரேம்) கட்டும்போது நாங்கள் எடுப்பது பெரும்பாலும் உங்கள் மென்பொருளின் ஆயத்தப் பாக நூலகத்தில் உள்ள சதுரக் குழாய், ஃபிளாட், ஆங்கிள் போன்றவை. அவை உங்கள் டெம்ப்ளேட்டிலிருந்து பிறக்கின்றன, எங்களுடையதிலிருந்து அல்ல. நூலகம் படிக்க மட்டும் அனுமதி உள்ளது, எங்களால் திருத்த முடியாது. எனவே ஒவ்வொரு பாகக் கோப்பையும் திறந்து, ஆவண அமைப்புக்குள் போய், அடிப்படை அளவை நீளத்தோடு இணைத்து, அலகை மாற்றிச் சேமிக்க வேண்டியிருக்கிறது. அதையும் செய்தோம். பிறகு வாடிக்கையாளர் குழாயின் அளவை 50×50×3-லிருந்து 60×60×3-க்கு மாற்றச் சொன்னார். அளவை மாற்றிய கணமே மென்பொருள் பழைய கோப்பைத் தூக்கிவிட்டு நூலகத்திலிருந்து புதியதை வைக்கிறது. அதோடு அலகும் பழையபடி மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறது, அதுவும் மாற்றிய குழாய்களுக்கு மட்டும். ஒரே பட்டியலில் பாதி வரிசைகள் மீட்டரிலும் பாதி மில்லிமீட்டரிலும் வருவதன் மூலக் காரணம் இதுதான். நாங்கள் வேலை செய்யச் செய்ய, செய்த வேலை பின்னால் தானே அழிந்துகொண்டு வருகிறது.

அப்புறம், ஒரே பொருள் எண் கொண்ட குழாய்கள் வெவ்வேறு நீளத்தில் இருந்தால் அவற்றை ஒரே வரிசையில் சேர்த்து அளவில் 'வேறுபடுகிறது' என்று காட்டுகிறீர்கள். வேறுபடுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். மொத்தம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றின் நீளமும் மென்பொருளின் கையில் இருக்கும்போது கூட்டிச் சொல்ல என்ன தடை?

இனி ஏற்றுமதி. அலகோடு ஏற்றுமதி செய்தால் எக்செலில் ஒரே கட்டத்துக்குள் '4.32 மீ' என்று எழுத்தாக விழுகிறது. எக்செலின் கூட்டல் சூத்திரம் எழுத்துள்ள கட்டங்களைக் கண்டுகொள்ளாது. பிழை என்றும் சொல்லாது, அவற்றை விட்டுவிட்டுக் கூட்டி விடை தரும். அலகு இல்லாமல் ஏற்றுமதி செய்தால் எண் நன்றாக வருகிறது, ஆனால் எதன் எண் என்று தெரியாது. கேஸ்கெட் கதை அங்கேதான் தொடங்கியது. அளவுக்கு ஒரு நெடுவரிசை, அலகுக்கு இன்னொரு நெடுவரிசை என்று பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. கொள்முதல் மென்பொருள்கள் பலவும் அப்படித்தான் எதிர்பார்க்கின்றன. மீட்டருக்கு எம்டிஆர், கிலோவுக்கு கேஜிஎம், லிட்டருக்கு எல்டிஆர் என்று ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 20-ஆம் பரிந்துரையில் குறியீடுகளே இருக்கின்றன. பாகப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 7573 என்று ஒரு தரநிலையும் உண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

அலகு இல்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலையில் கனடாவில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் இறங்கிய ஏர் கனடா விமானமே சாட்சி. லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணைப் போட்டார்கள். அது பவுண்டுக்கானது. கிலோவுக்குப் போட வேண்டியது ஏறக்குறைய 0.8. எண் தாளில் இருந்தது, அலகுதான் யார் மனத்திலும் சரியாக இல்லை. நாங்கள் விமானம் செய்யவில்லை, உண்மைதான். ஆனாலும் எங்கள் பட்டியலிலும் அதே மாதிரி எண்கள்தான் இருக்கின்றன.

உங்கள் உதவி மையம் சொன்ன மாற்று வழி: டிராயிங்கில் உள்ள பட்டியலில் அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, சரியான அளவைக் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள் என்பது. இதைவிட ஆபத்தான யோசனை வேறு இருக்க முடியாது. கையால் போட்ட எண் மாடலோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்கிறது. நாளை பெட்டியின் அகலம் 200 மி.மீ. கூடினாலும் பட்டியலில் பழைய நீளமே நிற்கும். எழுத்தின் நிறம் மட்டும் மாறியிருக்கும்; கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் அதுவும் தெரியாது. இன்னொரு வழி, இந்த வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலை, அதாவது மேக்ரோவை, எழுதிக்கொள்ளுங்கள் என்பது. எங்களுக்கு வரையத் தெரியும். மேக்ரோ எழுதவும், ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போது அதைப் பழுது பார்க்கவும் தனியாக ஆள் வைக்க வேண்டும்.

வடிவமே இல்லாத பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பசை, கிரீஸ், பெயின்ட் போன்றவற்றை வடிவமற்ற பாகமாகச் சேர்க்க வழி வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அலகுப் பட்டியலில் மில்லிலிட்டர் இல்லை. 15 மில்லிலிட்டர் சீலன்ட்டை 'எண்ணிக்கை 15' என்று போட்டால் கடையிலிருந்து 15 ட்யூப் வரும்.

நான் சொல்ல வருவது சுருக்கமானது. அலகு என்பது டிராயிங்கின் அலங்காரம் இல்லை, பொருளின் குணம். ஒரே 50×50×3 குழாயை வெட்டுபவர் மில்லிமீட்டரில் பார்க்கிறார். கிடங்குக்காரர் பெரும்பாலும் 6 மீட்டர் நீளங்களாக எண்ணுகிறார். விற்பவர் கிலோவில் பில் போடுகிறார், மீட்டருக்குச் சுமார் 4.25 கிலோ என்று. மூன்றும் சரிதான். இந்தப் பொருளுக்குப் பட்டியல் அலகு இது, தசமம் இத்தனை என்று பொருள் நூலகத்திலேயே ஒருமுறை சொல்ல இடம் கொடுங்கள். பாகத்தின் அளவை மாற்றினாலும், நூலகத்திலிருந்து மறுபடி எடுத்தாலும் அது கலையக் கூடாது. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்று அதே நூலகத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். எந்தக் குழாயை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறுவதில்லை. அலகுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் நீங்களே செய்து பார்க்கும்படி மாதிரிக் கோப்புகளை இணைத்துள்ளேன். எங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களை அவற்றிலிருந்து நீக்கிவிட்டேன். 184 மி.மீ. துண்டுகள் உள்ள கோப்பை முதலில் திறந்து பாருங்கள். அதற்கு வேறு எந்த அமைப்பும் தேவையில்லை.

மூடிய டிக்கெட்டைத் திறந்து, இதைப் புதிய வசதிக்கான கோரிக்கையாக அல்லாமல் பிழையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டிய பிறகு முழுமையாக்குவதையும், பூஜ்யத்துக்கான எச்சரிக்கையையும் அடுத்த திருத்தப் பதிப்பிலேயே எதிர்பார்க்கிறோம். மற்றவற்றுக்கு எந்தப் பதிப்பில் வரும் என்று எழுத்தில் சொன்னால் போதும். சந்தாவைப் புதுப்பிக்கும் கோப்பு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. உங்கள் பதிலைப் பார்த்த பிறகே அதில் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
வடிவமைப்புப் பிரிவு.

இணைப்பு: மாதிரிக் கோப்புகள், ஏற்றுமதி செய்த எக்செல் தாள்கள், உதவி மையத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து.